அக்கி எழுதியவர்கள் – 9: முதல் சாப்பா

சென்ற வாரம் ஆச்சியை மட்டாஞ்சேரி வீட்டுப் பின்கட்டில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். 1974 ஜூலை. ஓட்டுக் கூரையில் மழை விடாமல் கொட்டுகிறது. பஜார் ரோட்டுப் பாண்டிகசாலையிலிருந்து சுக்கு நெடி ஈரக்காற்றில் ஏறி வருகிறது. (நாம் பண்டகசாலை என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.) ஆச்சி திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், சிரட்டையில் குழைத்த காவியும் கையில் ஒரு கோழி இறகுமாக, தாத்தா திருநெல்வேலியிலிருந்து கையோடு கூட்டிவந்த வேளார்.

"என்ன எழுதுதீரு வேளாரே?"

"சிங்கம் ஆச்சி. அசையாதீங்க. பிடரியில வால் முளைச்சிரும்."

மட்டாஞ்சேரியில் கொங்கணி உண்டு, குஜராத்தி உண்டு, கச்சி மேமன் உண்டு, யூதத் தெரு உண்டு. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் டச்சுக்காரன் காலத்தில் வந்து குடியேறிய தமிழ் வண்ணார்கள் உண்டு. அக்கி எழுதத் தெரிந்த வேளார் ஒருவர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. இங்கிலீஷ் டாக்டர் கொடுத்த களிம்பை ஆச்சி தொடக்கூட இல்லை. இடது விலாவில் தொடங்கிய கொப்புளப் பட்டை முதுகெலும்புவரை வந்து நின்றிருந்தது. அது சுற்றி வளைத்து, தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் தப்பாது என்பது அவள் கணக்கு. அப்படிச் சேரவே சேராது என்பதும், ஏன் சேராது என்பதும் இந்தத் தொடரை 5ஆம் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு நரம்பு வேருக்கு உடம்பில் ஒரு பக்கம்தான் ஆட்சி.

அக்கியை 'வரைந்தார்' என்று யாரும் சொல்வதில்லை, 'எழுதினார்' என்றுதான் சொல்கிறோம். சிறுவனாக நிலைப்படியில் நின்று பார்த்த எனக்கு அந்தச் சொல் அன்று உறைக்கவில்லை. தோலின் மேல் வேளார் ஒரு சிங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். தோலுக்கு உள்ளே, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில், வேறொரு எழுத்து 54 வருஷமாகக் கிடந்தது. ஆச்சிக்கு எட்டு வயதில் சின்னம்மை போட்டபோது எழுதப்பட்டது அது. 62 வயதில்தான் யாரோ அதை எடுத்து வாசித்திருக்கிறார்கள்.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வேரின் இரண்டு கிளைகள் என்ற சந்தேகத்தை 1892இல் புடாபெஸ்டில் யானோஷ் போக்காய் கிளப்பியதையும், அம்மை வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்து பின்னால் எழுகிறது என்று 1965இல் சைரன்செஸ்டர் ஊர் வைத்தியர் ஹோப்-சிம்ப்சன் வாதிட்டதையும் பார்த்தோம். பதுங்கிக் கிடக்கிறது, சரி. ஆனால் பதுங்குவது என்றால் என்ன? பூனை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைரஸுக்கு மூச்சு இல்லை. அது ஒரு ஏடு, அவ்வளவுதான். அக்கி வைரஸ் என்றால் ஏறக்குறைய 70 மரபணுக்கள் எழுதப்பட்ட டி.என்.ஏ. ஏடு. அதை வாசிக்கும் ஆட்கள் எல்லாரும் நம் செல்லுக்குள், நம் சம்பளத்தில் இருக்கிறார்கள். வாசகர் நிறைந்த வீட்டில் ஓர் ஏடு 54 வருஷம் தூசி படிந்து கிடந்தது எப்படி? பிறகு ஒருநாள் சில மணி நேரத்தில் முதல் வரி முதல் கடைசி வரிவரை சரசரவென்று வாசிக்கப்பட்டது எப்படி?

வேளார் ஆச்சியின் முதுகில் பிடரி மயிரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அதே 1974 ஜூலையில், சிகாகோவிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது.

*

ராபர்ட் ஹோனஸ், பெர்னார்ட் ராய்ஸ்மன் இருவரும் எழுதியது. ராய்ஸ்மன் கிழக்கு ஐரோப்பாவின் கிஷினேவ் நகரில் பிறந்தவர், போருக்குப் பிறகு அமெரிக்கா போனவர். அவர்கள் கையில் இருந்தது அக்கி வைரஸ் அல்ல, அதன் அண்ணன். காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அக்கி வைரஸ் ஆய்வகத்தில் முரண்டு பிடிக்கும். இருக்கும் செல்லைவிட்டு வெளியே வராமல், அடுத்த வீட்டுச் சுவரைத் துளைத்து நகர்கிற ரகம் அது. அண்ணன் அப்படியல்ல, குடுவை குடுவையாக வளரும், ஒரே நாளில் கதையை முடித்துக் காட்டும். குடும்பத்தைப் படிக்க அண்ணனைப் படித்தால் போதும் என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அந்த முடிவு முழுக்கச் சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்லுக்குள் வைரஸ் நுழைந்தபின் அங்கே உருவாகும் புரதங்களைக் கதிரியக்க அமினோ அமிலம் கொண்டு அடையாளமிட்டு, கூழ்ப் பலகையில் ஓடவிட்டுப் பிரித்தார்கள். பெரிய புரதம் மேலேயே தங்கும், சின்னது கீழே இறங்கும். ஏறக்குறைய 50 பட்டைகள். மேலிருந்து எண் போட்டார்கள். பின்னால் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரமாகப்போகும் ஐ.சி.பி.4 என்ற பெயருக்கு இருக்கும் பெருமையெல்லாம் இவ்வளவுதான்: மேலிருந்து நாலாவது கோடு.

கேள்வி, இந்த 50உம் ஒன்றாகப் பிறக்கின்றனவா, வரிசையாகவா என்பது. அதற்கு அவர்கள் எடுத்தது இரண்டு விஷங்கள். இரண்டும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் சுரப்பவை. சைக்ளோஹெக்சிமைட் என்பது புரதம் செய்வதை நிறுத்தும். ஏட்டிலிருந்து நகல் எடுப்பதை அது தடுக்காது. ஆக்டினோமைசின் நகல் எடுப்பதையே நிறுத்தும். முதல் விஷத்தைப் போட்டுவிட்டு வைரஸை உள்ளே விட்டார்கள். சில மணி நேரம். நகல்கள் சேர்கின்றன, புரதம் ஒன்றுகூட இல்லை. பிறகு முதல் விஷத்தைக் கழுவி எடுத்து, அதே நொடியில் இரண்டாவதைப் போட்டார்கள். இப்போது புது நகல் கிடையாது. ஏற்கெனவே எடுத்துவைத்த நகல்கள் மட்டும்தான் புரதமாக முடியும்.

50 பட்டைகளில் சில மட்டுமே வந்தன.

வைரஸ் தன் புரதம் எதையும் செய்துகொள்ளாத நிலையிலும் வாசிக்கப்படும் பக்கங்கள் இவை. ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். இந்த ஆல்ஃபா புரதங்களை உருவாகவிட்டு, அவை வேலை செய்ய அவகாசம் கொடுத்தால்தான் அடுத்த கூட்டம் தலைகாட்டியது: பீட்டா, அதாவது வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கும் கருவிகள். அதன்பின்தான் காமா, அதாவது புது வைரஸின் உடம்பும் உறையும். அடுத்தது தொடங்கும்போது முந்தையது அணைக்கப்படுகிறது. ஆல்ஃபா பீட்டாவை எழுப்புகிறது, பின்னால் வந்தவை ஆல்ஃபாவைத் தூங்கவைக்கின்றன. நுண்நோக்கியில் எதையும் பார்க்கவில்லை. இரண்டு விஷம், ஒரு கடிகாரம், ஒரு கூழ்ப் பலகை. ஒரு வைரஸின் வாழ்க்கைக்கு முன்னும் பின்னும் உண்டு, அது தன் எழுத்தைத் தானே முறைவைத்து வாசிக்கச்செய்கிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டியவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் படித்து முடித்ததும் தொண்டையில் முள்ளாக ஒன்று நிற்கும். பீட்டாவை எழுப்ப ஆல்ஃபா வேண்டும். காமாவை எழுப்ப பீட்டா வேண்டும்.

ஆல்ஃபாவை எழுப்பியது யார்?

*

தாத்தா சொன்ன ஒரு கதை இங்கே வேண்டியிருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா என்றொரு முறை இருந்தது. விடியும்முன் கூலிகள் கூடி நிற்பார்கள். மூப்பன் வருவான். கையில் இருக்கும் உலோக வில்லைகளைக் கூட்டத்தை நோக்கி வீசுவான். அந்த வில்லைதான் சாப்பா. அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, கிடைக்காதவனுக்குப் பட்டினி. கேட்டில் உன் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள், சாப்பா இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளிகள் செத்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மனிதர்களை மாடுபோல் அடித்துக்கொள்ளவிட்ட ஒரு முறையை வைரஸுக்கு உவமையாக இழுப்பதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆனாலும் செல்லின் கேட்டில் நடப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை. முதல் சாப்பாவை வைரஸ் எங்கிருந்து எடுத்தது?

1979இல் கிளாஸ்கோவில் கிறிஸ் பிரெஸ்டன் ஒரு நொண்டி வைரஸை வைத்திருந்தார். கொஞ்சம் சூடேற்றினால் அதன் ஐ.சி.பி.4 கெட்டுப்போகும். சூட்டில் அது ஆல்ஃபாவிலேயே நின்றுவிட்டது. ஒரு அடி முன்னே போகவில்லை. ஆக, ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்குச் செல்லும் கதவின் மேஸ்திரி ஐ.சி.பி.4தான். நல்லது. ஆனால் அது இரண்டாவது கதவு. முதல் கதவு இன்னும் சாத்தியேதான் இருந்தது.

1981இல் சிகாகோவில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆல்ஃபா மரபணுவுக்கு முன்னால் இருக்கும் துண்டை, அதாவது வாசலை மட்டும், வெட்டி எடுத்து வேறொரு மரபணுவின் தலையில் ஒட்டி, செல்லுக்குள் வைத்தார்கள். அந்தச் செல்லில் வைரஸை விட்டதும் ஒட்டுப்போட்ட மரபணு ஆல்ஃபா போலவே துள்ளி எழுந்தது. அந்த வாசலைத் தட்டும் கை ஏதோ ஒன்று வைரஸோடு வருகிறது.

அது வைரஸ் உள்ளே வந்தபின் செய்துகொண்டதா, வரும்போதே கொண்டுவந்ததா? 1983இல் பேட்டர்சனும் ராய்ஸ்மனும் இதற்கு எடுத்த சாட்சி இன்னொரு நொண்டி வைரஸ். அதைச் சூட்டில் வைத்தால், உட்கருவின் வாசல்வரை வந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். டி.என்.ஏ. உறையைவிட்டு வெளியே வராது. ஏடு இன்னும் பெட்டியிலேயே பூட்டிக்கிடக்கிறது, யாரும் ஒரு வரி வாசிக்கவில்லை. ஆனாலும் ஒட்டுப்போட்ட மரபணு எழுந்தது! ஏடு திறக்காமலே கட்டளை உள்ளே போய்விட்டது. அப்படியென்றால் கட்டளை ஏட்டில் இல்லை. ஏட்டைச் சுமந்துவந்த மூட்டையில் இருந்தது.

மறுவருஷம், 1984இல், கிளாஸ்கோவில் கேம்ப்பெல், பால்ஃப்ரேமன், பிரெஸ்டன் மூவரும் அந்தப் புரதத்தின் மரபணுவையே பிடித்துவிட்டார்கள். கிளாஸ்கோவில் அதற்கு ஒரு பெயர், சிகாகோவில் ஒரு பெயர், மற்ற ஊர்களில் வி.பி.16 என்று ஒரு பெயர். போர்த்துகீசியர் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்றே அழைத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு குழப்பமே இல்லை. வி.பி.16 என்றே வைத்துக்கொள்வோம்.

வைரஸின் உட்கூட்டுக்கும் வெளி உறைக்கும் நடுவே சந்துபொந்தெல்லாம் அடைத்துவைத்த புரதங்கள் உண்டு. அதில் வி.பி.16 நூற்றுக்கணக்கில் இருக்கிறது. வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் இது கொட்டுகிறது. ஆனால் ஆல்ஃபாவின் வாசலில் தனியாகப் போய் நிற்க இதற்குத் திராணி போதாது. எச்.சி.எஃப். என்ற நம் செல்லின் புரதம் ஒன்றின் கையைப் பிடித்துக்கொள்கிறது. உட்கருவுக்குள் போக அந்தத் துணை உதவுகிறது. உள்ளே ஆக்ட்-1 என்று நம் இன்னொரு ஆள் இருக்கிறார். ஹிஸ்டோன் போன்ற அன்றாடச் சரக்குகளின் பக்கங்களைத் திறந்துவிடும் சாதுவான குமாஸ்தா. ஆல்ஃபா மரபணுக்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் அந்தக் குமாஸ்தாவின் கண்ணுக்குப் பரிச்சயமான ஒரு குறி இருக்கிறது. கூடவே வி.பி.16க்கு மட்டும் புரியும் நாலைந்து எழுத்துகள். மூவரும் அந்தக் குறியில் சேர்ந்து நின்றதும் வி.பி.16இன் வால் பகுதி வேலையைக் காட்டுகிறது: செல்லின் நகலெடுக்கும் படை முழுவதையும் அங்கே இழுத்துவந்து நிறுத்துகிறது. 1988இல் அந்த வாலை மட்டும் வெட்டி ஈஸ்ட்டின் ஒரு புரதத்தோடு ஒட்டிப்பார்த்தார்கள். அதுவரை கண்டதிலேயே அசாத்திய வலுவுள்ள தூண்டுகோல்களில் ஒன்றாக அது நின்றது. இன்று மரபணு ஆய்வகங்களில் எந்த மரபணுவையாவது உரக்கப் பேசவைக்க வேண்டும் என்றால் உதட்டுக் கொப்புள வைரஸின் இந்த வாலைத்தான் கடன் வாங்குகிறார்கள். க்ரிஸ்பர் கருவிகளில்கூட.

இனிமேல்தான் விஷயம். வி.பி.16இன் மரபணு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது தெரியுமா? காமா. கடைசியில் வாசிக்கப்படும் பக்கம். போன செல்லில், கதை முடியும் தறுவாயில் எழுதி மூட்டையில் வைத்த சாப்பாதான் அடுத்த செல்லின் முதல் கதவைத் திறக்கிறது. வைரஸ் தன் கடைசிப் பக்கத்தை வாசித்தபின்தான் முதல் பக்கத்தைத் திறக்க முடியும்.

*

கதவு திறந்தபின் நடப்பது கொள்ளை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டையில் வந்த இன்னொரு புரதம் செல்லின் நகல்களைக் கண்ட இடத்தில் கிழித்துப்போடுகிறது. வீட்டுக்காரர்களின் பழைய ஆர்டர்கள் ரத்து. (அது வைரஸின் நகல்களையும் விட்டுவைப்பதில்லை. பின்னால் வி.பி.16தான் வந்து அதன் வாயைக் கட்ட வேண்டியிருக்கிறது.) ஐந்து ஆல்ஃபாக்களில் ஐ.சி.பி.0, அந்நிய டி.என்.ஏ.வைச் சுருட்டி மூட நினைக்கும் செல்லின் காவலர்களைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது. கிளாஸ்கோவின் ரோஜர் எவரெட் அதன் பின்னாலேயே தன் ஆய்வு வாழ்க்கையைக் கழித்தார். ஐ.சி.பி.47, நோய் எதிர்ப்புப் படைக்குச் செல்லும் அடையாளத் துணுக்குகளை வழியிலேயே அடைக்கிறது.

ஐ.சி.பி.27இன் குயுக்திதான் எனக்குப் பிடித்தது. நம் மரபணு நகல்களில் பெரும்பாலானவற்றில் நடுநடுவே தேவையற்ற பகுதி இருக்கும். அதை வெட்டி ஒட்டிய பிறகே நகல் வெளியே போகும். வைரஸின் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டும் தேவையே இல்லை. ஆகவே ஐ.சி.பி.27 அந்த வெட்டி ஒட்டும் மேசையையே கவிழ்த்துவிடுகிறது. நம் நகல்கள் தேங்கிக் கிடக்க, வைரஸின் நகல்களைத் தானே கைப்பிடித்து உட்கருவைவிட்டு வெளியே கொண்டுபோய் விடுகிறது.

இந்த வரிசை தெரிந்தால் ஏசைக்ளோவிர் மாத்திரையின் கணக்கும் புரிந்துவிடும். ஜெர்ட்ரூட் எலியனின் குழு கண்ட அந்த மருந்து, விழுங்கும்போது வெறும் மாவு. வைரஸின் பீட்டா புரதம் ஒன்று அதைத் தொட்டு மாற்றினால்தான் விஷமாகி டி.என்.ஏ. பெருக்கத்தை நிறுத்தும். பீட்டா பக்கம் வாசிக்கப்படாத, தூங்குகிற வைரஸிடம் அதன் பாச்சா பலிக்காது. அக்கி வந்தால் முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பியுங்கள் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது, வாசிப்பு முழுவீச்சில் நடக்கும் நேரம் அது என்பதால்தான். 1974 மட்டாஞ்சேரியில் அந்த மாத்திரை இல்லை. ஆச்சியின் கொப்புளங்கள் மூன்றாம் வாரம் காய்ந்தன. சிங்கம் விரட்டியது என்றாள். அக்கி பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானே காயும் என்று அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. காந்தல் மட்டும் சாகும்வரை விலாவில் இருந்தது. அதற்குச் சிங்கம் ஒன்றும் செய்யவில்லை.

*

அண்ணனைப் படித்தால் தம்பியைத் தெரிந்துகொள்ளலாம் என்பது முழுக்கச் சரியில்லை என்றேனே. 1986இல் டேவிசனும் ஸ்காட்டும் அக்கி வைரஸின் ஏட்டை முழுக்க வாசித்து வெளியிட்டார்கள். 1,24,884 எழுத்துகள். அதுவும் கிளாஸ்கோவில்தான். ஐ.சி.பி.4க்கு, 0க்கு, 27க்கு எல்லாம் அதில் தம்பிமார் இருந்தார்கள். வி.பி.16க்கும் ஒரு தம்பி உண்டு. ஆனால் அதை வெட்டி எறிந்தாலும் ஆய்வகத்தில் அக்கி வைரஸ் அலட்டிக்கொள்ளாமல் வளர்ந்தது. காரணம், அது தன் ஐ.சி.பி.4 தம்பியையே மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறது. சாப்பாவுக்குப் பதில் மேஸ்திரியே கூட வந்துவிடுகிறார்.

சரி, இப்போது ஆச்சியின் நரம்புக்கு வருவோம். தோலின் செல்லில் மூட்டை அவிழ்ந்தால் உட்கரு பக்கத்திலேயே இருக்கிறது. நரம்புச் செல் அப்படியல்ல. அதன் நுனி விலாத் தோலில், உட்கரு முதுகெலும்பை ஒட்டிய முடிச்சில். வைரஸின் உட்கூடு அந்த நீண்ட இழை நெடுக இழுபட்டுப் போகவேண்டும். உதட்டு வைரஸில் பார்த்தவரை, மூட்டையில் வந்த வி.பி.16 நுழைவாயிலிலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. துணைக்கு வரவேண்டிய எச்.சி.எஃப்.பும் அந்த நரம்புச் செல்களில் உட்கருவுக்கு வெளியேதான் நிற்கிறது. ஏடு போய்ச் சேர்கிறது. சாப்பா வழியில் தொலைந்துவிட்டது. கேட் திறக்கவில்லை. செல்லின் காவலர்கள் ஏட்டைச் சுருட்டிக் கட்டிவைக்கிறார்கள்.

54 வருஷ மௌனத்துக்கு இதுதான் முழு விளக்கம் என்று தோன்றும். யாரும் வாசிக்காத ஏடு, அவ்வளவுதான்.

1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக் ஸ்டீவன்ஸும் அவர் கூட்டாளிகளும், உதட்டு வைரஸ் உறங்கிக்கொண்டிருந்த எலிகளின் நரம்பு முடிச்சுகளை எடுத்து, அவற்றில் வைரஸின் நகல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். ஆல்ஃபா இல்லை. பீட்டா இல்லை. காமா இல்லை.

ஆனால் உட்கருவுக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்று தெரிந்தது. எக்கச்சக்கமாக. வைரஸின் ஏட்டில் ஒரே ஓர் இடம் மட்டும் ஓயாமல் நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எந்த இடம் என்று பார்த்தார்கள். காவலர்களைக் குப்பைக்கு அனுப்பும் ஐ.சி.பி.0 எழுதப்பட்ட அதே வரிகள்மேல் ஏறி ஓடியது அது.

எதிர்த்திசையில். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்தை நோக்கி.

தூங்குகிற வைரஸ் தன் சாவியைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தது. யாருக்காக?

(தொடரும்)